சாவி ஏந்தியோரும் சட்டத்தின் காவலரே!

கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களிலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறிச் சென்று, போகம்பரைச் சிறை வாயிலில் மகனைக் காணக் காத்து நின்ற தாய்மார் எத்தனையோ பேர். 1876இல் எழுந்த அச்சிறை 2014இல் மூடப்பட்டது. கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். கட்டடம் மாறியது, தாயின் அச்சம் மாறவில்லை. மதிலுக்குள்ளே சாவி ஏந்தி நிற்பவர் யார்? சட்டத்தின் காவலரா, வெறுங் கதவுக் காவலரா?

பொலிஸாருக்குரிய அந்தஸ்தும் அதிகாரமும் சிறை உத்தியோகத்தர்க்கும் வேண்டும் என்போர் உளர், கூடாதென்போரும் உளர். 1905ஆம் ஆண்டுவரை இந்நாட்டில் பொலிஸும் சிறையும் ஒரே தலைமையின் கீழ் இருந்தன, பின்னர் பிரிக்கப்பட்டன. அப்பிரிவு நன்றே என்பது எமது துணிபு. குற்றம் புரிந்தோரைத் தேடிப் பிடிப்பது பொலிஸாரின் தொழில். நீதிமன்றம் ஒப்படைத்த மனிதரை உயிரோடு காத்து, உரிய நாளில் திருப்பித் தருவது சிறை உத்தியோகத்தரின் தொழில். இரண்டும் ஒன்றல்ல.

ஆயின், பொறுப்பில் வேற்றுமை இருத்தலாகாது. 1979இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற நடத்தைக் கோவை, கைதுசெய்யவும் தடுத்துவைக்கவும் பொலிஸ் அதிகாரம் கையாளும் அனைவரையும் சட்டத்தை நிலைநாட்டுவோராகவே கொள்கிறது. 2015இல் ஏற்கப்பட்ட மண்டேலா விதிகளோ, கைதிகளோடு நேரில் பழகும் உத்தியோகத்தர் விசேட சூழ்நிலையிலன்றி ஆயுதம் ஏந்தலாகாது என்கின்றன. கடமையைக் கூட்டுக, துப்பாக்கியைக் குறைக்க! இதுவே இவ்விரண்டும் சேர்ந்து காட்டும் வழி.

இது ஏட்டுச் சுரைக்காயன்று. 1983 ஜூலை 25ஆம், 27ஆம் நாள்களில் வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் ஐம்பத்துமூவர் கொல்லப்பட்டனர். பூட்டிய அறைகளின் சாவிகள் அரசின் கையில் இருந்தன. இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. 2012 நவம்பரில் அதே சிறையில் இருபத்தேழு கைதிகள் மாண்டனர். அவருள் எண்மரின் கொலைக்காக, முன்னாள் சிறைச்சாலை ஆணையாளர் ஒருவருக்கு 2022 ஜனவரியில் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2021 செப்டெம்பரில், அநுராதபுரச் சிறையில் தமிழ்க் கைதிகளை இராஜாங்க அமைச்சர் ஒருவர் துப்பாக்கி காட்டி மண்டியிடச் செய்தார் எனக் குற்றச்சாட்டு எழுந்தது; அவர் சிறைச்சாலைப் பொறுப்பைத் துறந்தார். அவ்வேளை கதவைத் திறந்துவிட்டவரின் நிலை என்ன? "சட்டம் இடந்தராது" என்று அமைச்சரிடம் கூறும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்? வேலியே பயிரை மேயாதிருந்தாற் போதாது. மேயவரும் மாட்டைத் தடுக்கும் வலிமையும் வேலிக்கு வேண்டும்.

எனவே நாம் கேட்பது இது: சிறை உத்தியோகத்தரைச் சட்டத்தின் காவலராக ஏற்றுக்கொள்க. கொள்ளளவைவிட இருமடங்குக்கு மேல் நிரம்பிய சிறைகளில் உழைக்கும் அவர்க்குத் தக்க ஊதியமும் பயிற்சியும் தருக. சட்டவிரோதக் கட்டளையை மறுப்போர்க்குப் பாதுகாப்பளிக்க. சிறையில் நிகழும் ஒவ்வொரு சாவையும் சிறைத்துறை சாராதோர் விசாரிக்க வழிசெய்க.

வாயிலில் நிற்கும் தாய் கேட்பது சலுகையன்று. ஒப்படைத்த உயிருக்குக் கணக்கு. அக்கணக்கைத் தரக் கடமைப்பட்டவரே சட்டத்தின் காவலர்.