மாதிரி விமானமும் ஆணித்தலையும்

பெற்றோரே! பதுங்குகுழியில் ஒடுங்கிய நமக்கு ஜெட் விமானம் என்றாலே வெறுப்பு, அதில் வியப்பில்லை. ஆயினும் பிள்ளைகள் ஆள்நீள மாதிரியொன்றைத் தம் கையாலேயே செய்ய முனைந்தால் தடுத்தல் தகாது. நாம் இரைச்சலால் மட்டுமே அறிந்ததை அவர்கள் தகடு தகடாக அறியட்டும்.

மாணவச் செல்வங்களே! மெல்லிய நாடாவை ஒட்டி, அடிப்பூச்சுத் தெளித்து, மட்டமாகத் தேய்த்தபின் நாடாவை உரித்தால் தகடுகள் பொருந்தும் கோடு தோன்றும். ஊசிக்குழாயால் வெண்பசையைத் துளித்துளியாக வைத்தால் தறையாணித் தலைகள் எழும். இங்கேதான் கணிதம் வேண்டும்: ஐந்தில் ஒரு பங்கு மாதிரியில் 5 மில்லிமீற்றர் ஆணித்தலை 1 மில்லிமீற்றரே. அதனைப் பெருப்பித்துக் காட்டுவோர் பலர். எனக்கு அது அம்மைத் தழும்பாகவே தோன்றும். மெய்யான விமானத்திலோ, காற்றின் தடையைக் குறைக்கவென ஆணித்தலைகள் பல தகட்டோடு மட்டமாகவே உள்ளன. அவ்விடங்களில் பசைத்துளிக்கு வேலையில்லை. கூராக்கிய பித்தளைக் குழாயால் மெல்லிய வட்டம் பதித்தாற் போதும்.