ஒகேனக்கல்லுக்கு வந்தும் புளிசாதமா?

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்குப் போய்விட்டு பீட்சா சாப்பிடாமல் திரும்பினால் நண்பர்கள் சிரிப்பார்கள். ஒகேனக்கல்லுக்கு ஒரு நாள் வருபவர்களில் பலர் செய்வது கிட்டத்தட்ட அதுதான். பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வேன் பிடித்து வருகிறார்கள். வீட்டில் கட்டிய புளிசாதம், கூடவே சிப்ஸ் பாக்கெட், அருவி முன்னால் நாலு போட்டோ. சாயங்காலம் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்கு மிஞ்சுவது பிளாஸ்டிக் பாட்டில்கள்தான்!

"ஒரு நாளில் வேறென்ன முடியும்?" என்று கேட்கலாம். நிறையவே முடியும்.

முதலில் சாப்பாடு. ஒகேனக்கல்லில் மீனை வாங்கிக் கொடுத்தால், அங்கேயே மசாலா தடவி வறுத்துத் தரும் பெண்கள் இருக்கிறார்கள். சுத்தமாக இருக்குமா என்ற சந்தேகமே வேண்டாம், எல்லாம் கண் முன்னாலேயே நடக்கிறது. கூலியை மட்டும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. அடுத்தது களி. தர்மபுரி மாவட்டம் மானாவாரி பூமி, கேழ்வரகுதான் இந்த மண்ணின் சாப்பாடு. களியைப் பிட்டு, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். முதல் கவளம் கஷ்டம், மூன்றாவது பழகிவிடும்.

பிறகு பரிசல். மூங்கில் பின்னிய அந்த வட்டக் கூடையில் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். கர்நாடக அணைகளில் அதிகமாகத் தண்ணீர் திறந்தால் பரிசலுக்குத் தடை வரும். சுற்றுலாப் பயணிக்கு அது ஒரு நாள் ஏமாற்றம். பரிசல் ஓட்டுபவருக்கோ தடை நீங்கும் வரை வருமானமே கிடையாது. இதை நினைத்தால் பேரம் பேச வாய் வராது.

தடை என்றால் உடனே வண்டியைத் திருப்பத் தேவையில்லை. பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. தர்மபுரி டவுனிலேயே நடுகற்களைப் பார்க்கலாம். ஆநிரை மீட்கப் போய் செத்த வீரர்களுக்கு ஊரார் நட்ட கல் அவை. சேலம் சாலையில் கொஞ்சம் போனால் அதியமான்கோட்டை. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி என்பது, பள்ளியில் அந்தக் கதையைப் படித்த எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

சுற்றுலா வளர்ந்தால் மாவட்டம் வளரும் என்று மேடையில் பேசுவது சுலபம். வருகிறவரின் பணம் மீன் வறுக்கும் பெண்ணிடமும், பரிசல்காரரிடமும், களிக் கடையிலும் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம். மற்றபடி வேன் எண்ணிக்கை கூடும், குப்பையும் கூடும், அவ்வளவுதான்.

அடுத்த லீவுக்கு ஒகேனக்கல் போவதாக இருந்தால், புளிசாத மூட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!