கர்ப்பிணியின் எடையும் தறிக்கூலியும்

காஞ்சிபுரத்தில் தராசுக்கு வேலை அதிகம். நெசவாளிக்குப் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துத்தான் கொடுக்கிறார்கள். நெய்து முடித்த சேலையை வாங்கும்போதும் நிறுத்துத்தான் வாங்குகிறார்கள். சில கிராம் குறைந்தாலும் கேள்வி வரும். அதே வீட்டில் தார் சுற்றிக்கொண்டும், பாவு பிணைக்க உதவிக்கொண்டும் இருக்கும் கர்ப்பிணியின் எடை இந்த மாதம் கூடியதா என்று கேட்பவர்கள் குறைவு. சுகாதார நிலையத்தில் அட்டையில் ஓர் எண்ணை எழுதித் தருகிறார்கள். அதை வீட்டில் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

கர்ப்ப காலத்தில் 9 முதல் 11 கிலோ எடை கூட வேண்டும் என்பது நம் நாட்டில் செவிலியர்களுக்குச் சொல்லித் தரப்படும் கணக்கு. மூன்று மாதம் கழிந்த பிறகு மாதத்துக்குச் சுமார் 2 கிலோ. சாப்பாடு போதாவிட்டால் 5, 6 கிலோவோடு நின்றுவிடும். மெலிந்த உடம்போடு கருத்தரித்தவருக்கு இன்னும் அதிகம் வேண்டும். 2009-ல் அமெரிக்க நிபுணர் குழு அவர்களுக்கு வகுத்த அளவு 12.5 முதல் 18 கிலோ. இது வெறும் சதை போடுவதல்ல. பிள்ளையின் எடை, நஞ்சுக்கொடி, பனிக்குடநீர், பெருத்த கருப்பை, கூடுதலாக ஊறும் ரத்தம், பால் கொடுக்கப்போகும் மாதங்களுக்கான சேமிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கிலோக்கள்.

அது சேராவிட்டால் பிள்ளை 2.5 கிலோவுக்குக் கீழே பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. முதல் மாதத்தைத் தாண்டுவதே அப்படிப்பட்ட பிள்ளைக்குப் போராட்டம். தாண்டினாலும் கதை முடிவதில்லை. புனே அருகேயுள்ள கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் செய்த ஆய்வில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் பிள்ளைகளுக்குத் தசை வெகுவாகக் குறைந்திருந்தது, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. சர்க்கரை நோய்க்கான விதை வயிற்றிலேயே விழுந்துவிடுகிறது என்று அவர்கள் கருதியது இதை வைத்துத்தான்.

"நன்றாகச் சாப்பிடும்மா" என்று கர்ப்பிணியிடம் சொல்வது எல்லோருக்கும் எளிது. ஆனால் அவள் எந்த எடையோடு தாயாகிறாள்? டயான் காஃபி என்ற ஆய்வாளர் 2015-ல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியப் பெண்களில் 42 சதவீதம் பேர் கர்ப்பம் தொடங்கும்போதே எடை குறைந்தவர்கள். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் அது 16.5 சதவீதம்தான். நம் பெண்கள் கர்ப்பத்தின் முடிவில் நிற்கும் எடை, அந்தப் பெண்கள் கர்ப்பத்தைத் தொடங்கும் எடையை விடக் குறைவு. 2005 வாக்கில் எடுத்த விவரம் அது. தமிழ்நாட்டில் மெலிந்த பெண்களின் எண்ணிக்கை அதன் பிறகு குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் மாநிலக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் 44.4. சோற்றால் எடை கூடுகிறது, ரத்தம் கூடவில்லை. இதில் பட்டியல் சாதிப் பெண்கள் எத்தனை பேர் என்பதை மாவட்டத் தகவல் தாளில் தேடிப் பயனில்லை. அதில் சாதிவாரிக் கணக்கே இல்லை.

நம் மக்களில் பலர் பட்டுத்தறிக்கு வந்தது சொந்தத் தறியோடு அல்ல. முன்பணம் வாங்கிக்கொண்டு கூலிக்கு வந்தார்கள். காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் கடனுக்குக் கட்டப்பட்ட சிறுவர் சிறுமியரைப் பற்றி 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் தலித் பிள்ளைகள் பலர் என்று அது பதிவு செய்தது. வளரும் வயதில் தறிக்குழியில் உட்கார்ந்த சிறுமிக்குப் பிற்காலத்தில் மூன்றாம் மாதத்திலிருந்து சத்துமாவு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

நம் வீட்டுக் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். சாதி ஒழிப்புக் கூட்டத்துக்குப் போய் வரும் வீட்டிலும் மருமகள்தான் கடைசியில் சாப்பிடுகிறாள். பிள்ளை பெருத்துவிட்டால் சுகப்பிரசவம் ஆகாது என்று பயந்து அவளுக்குச் சோற்றைக் குறைக்கும் மாமியார்கள் இன்றும் உண்டு. (ஆபரேஷன் என்றால் பல மாதம் தறியில் உட்கார முடியாதே என்ற பயமும் அதில் இருக்கிறது.) ஏழாம் மாத வளைகாப்புக்கு ஐந்து வகைச் சாதம் கட்டுகிறோம். மறுநாள் பழைய கஞ்சி.

சாப்பாட்டைப் போலவே ஓய்வும் எடையைத் தீர்மானிக்கிறது. ஓய்வு கூலியைப் பொறுத்தது. 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும், பெரும்பங்குச் செலவை அரசு ஏற்க வேண்டும், அவள் உழைப்பால் லாபம் பார்க்கும் முதலாளியும் ஒரு பங்கு தர வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே அது சட்டமானது. இன்று 26 வாரச் சம்பள விடுப்புக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் வீட்டுத் தறியில் தார் சுற்றும் பெண் யாருடைய தொழிலாளி? கூலி சேலைக்கு இவ்வளவு என்று கணவன் கையில் வருகிறது. அவள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் 1987 முதல் நடக்கிறது. இப்போது 18,000 ரூபாய். அதில் 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். நல்ல திட்டம்தான். ஆனால் 14,000 ரூபாயைக் கர்ப்பத்தின் 280 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 50 ரூபாய் வருகிறது. அதிலும் ஒரு பகுதி பிள்ளை பிறந்த பிறகுதான் கைக்கு வரும். இரண்டு பிரசவத்தோடு உதவி நின்றுவிடும் என்பது இன்னும் மோசம். மூன்றாவது முறை சுமப்பவளின் உடம்புதானே மிகவும் தேய்ந்திருக்கும்? தண்டனை அவளுக்கா, வயிற்றிலுள்ள பிள்ளைக்கா?

கைத்தறித் தொழிலாளர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. தார் சுற்றுபவர், பாவு பிணைப்பவர் என ஒவ்வொரு பெண்ணையும் அவரவர் பெயரிலேயே அதில் சேர்க்க வேண்டும். பிரசவத்துக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம் கூலிக்கு ஈடான தொகையை வாரியம் தர வேண்டும். காஞ்சிப் பட்டு என்ற பெயரால் சம்பாதிக்கும் கடைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அதற்குப் பங்கு செலுத்தட்டும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு: கர்ப்பம் என்று தெரிந்ததும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அட்டையில் எடையை எழுதச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு மாதம் 2 கிலோ ஏறாவிட்டாலும், ஒரே மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் ஏறிவிட்டாலும், அடுத்த பரிசோதனை நாள் வரட்டும் என்று இருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.