ஆடி மாதத்துக்குச் சம்பளம் உண்டா?

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. அதற்குப் பிறகு ஒரு மாதம் நாம் எல்லோருமே சிம்பொனி நிபுணர்கள். இலக்கணப்படி அது சிம்பொனிதானா, பீத்தோவனோடு ஒப்பிடலாமா, ஒப்பிட்டால் யாருக்கு வலிக்கும் என்று ஃபேஸ்புக்கில் ரத்தம் ஓடியது. சண்டை போடட்டும், நல்லதுதான். ஆனால் மேடையில் உட்கார்ந்து வாசித்த ராயல் பில்ஹார்மோனிக் கான்செர்ட் ஆர்கெஸ்ட்ராக்காரர்களைப் பற்றி ஒரு கேள்விகூட எழவில்லை. அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? மாதாமாதமா, கச்சேரிக்குக் கச்சேரியா? அவர்களுடைய தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

"கலைக்குப் போய்க் கூலிக் கணக்கு பாக்கறதா?" என்று முகம் சுளிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆர்கெஸ்ட்ரா என்பது முதலில் ஒரு சம்பளப் பட்டியல். அப்புறம்தான் இசை.

இதை நான் ஐரோப்பாவிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினம் என் ஊர். பஸ் ஏறினால் ஒரே நாளில் தஞ்சாவூர் போய்த் திரும்பலாம். பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டைப் பாருங்கள். திருவாரூர் முதலான ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள், ஒவ்வொருவரின் பெயர், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு. ஒருவருக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவனார், வங்கியம் ஊதுபவர், வீணை வாசிப்பவர், உடுக்கை வாசிப்பவர், தமிழ் பாடுபவர், ஆரியம் பாடுபவர் என்று ஆளுக்கேற்ற பங்கு. கணக்கெழுதுபவருக்கும் தையல்காரருக்கும்கூட உண்டு. திருப்பதியம் பாட 48 பேர், கூட வாசிக்க இருவர், தலைக்குத் தினம் மூன்று குறுணி நெல். ஒருவர் இறந்தால் அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியுள்ள ஒருவரை வைத்து வேலை நடக்க வேண்டும்.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அரசன் ஆணைக்கு ஊர்விட்டு ஊர் பெயர்க்கப்பட்ட பெண்கள் அவர்கள். 'வர மாட்டேன்' என்று சொல்ல அவர்களுக்கு வழி இருந்திருக்காது. ஆனால் எத்தனை பேர், என்ன ஊதியம், ஆள் போனால் அடுத்து யார் என்பதை எவரும் படிக்கும்படி கல்லில் வெட்டும் வழக்கம் 1,000 ஆண்டுகளுக்கு முன்பே நமக்கு இருந்தது. இன்று ஒரு கல்யாண மேளத்துக்குத் துண்டுச் சீட்டில்கூட ஒப்பந்தம் கிடையாது.

நாம் வாய் பிளந்து பார்க்கும் ஆர்கெஸ்ட்ராக்கள் எப்படிப் பிறந்தன தெரியுமா? பெர்லின் பில்ஹார்மோனிக் 1882-இல் பிறந்தது ஒரு தொழிலாளர் தகராறில். பில்ஸே என்பவரின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களை அவர் வார்சா கச்சேரிக்கு நாலாம் வகுப்பு ரயில் பெட்டியில் அழைத்துப்போகப் பார்த்தார். சுமார் ஐம்பது பேர் 'போய்யா' என்று வெளியே வந்து சொந்தமாக ஆரம்பித்ததுதான் அது. இன்றும் தலைமை நடத்துநரைக் கலைஞர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிரில் பெட்ரென்கோவை 2015-இல் அப்படித்தான் தேர்ந்தார்கள்.

லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் கதையும் இதே மாதிரிதான். 1904-இல் ஹென்றி வுட், தனக்குப் பதில் மாற்று ஆள் அனுப்பும் வழக்கத்தைத் தடை செய்தார். கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் தொடங்கியது அது. கலைஞர்களே பங்குதாரர்கள். ஆனால் மாதச் சம்பளம் கிடையாது, வாசித்தால் காசு. வியன்னா பில்ஹார்மோனிக் 1933-க்குப் பிறகு நிரந்தர நடத்துநரே இல்லாமல் ஓடுகிறது. அதே வியன்னா 1997 வரை ஒரு பெண்ணையும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. தங்களைத் தாங்களே ஆள்பவர்கள் நியாயமாகத்தான் ஆள்வார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சம்பளம் என்றால் அமெரிக்கா. பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் கடைசி வரிசை வயலின்காரரின் குறைந்தபட்சமே ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல், அதுவும் 52 வாரத்துக்கும். நடத்துநருக்குப் பத்து லட்சம் டாலரையும் தாண்டிப் போகும். எல்லாம் வரித்தாக்கலில் பொதுப்பார்வைக்கு இருக்கிறது. அங்கேயும் சொர்க்கம் இல்லை. 2012 அக்டோபரில் மினசோட்டா ஆர்கெஸ்ட்ரா நிர்வாகம் சம்பளத்தைப் பெரிய அளவில் வெட்டப் பார்த்தது. ஒத்துக்கொள்ளாத கலைஞர்களை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டியது. ஒன்றே கால் ஆண்டு பூட்டு. கலைஞர்கள் தாங்களே கச்சேரி நடத்தினார்கள். நடத்துநர் ஓஸ்மோ வான்ஸ்கா ராஜினாமா செய்தார். 2014-இல் உடன்பாடு வந்தபோது முதலில் 15 சதவீத வெட்டு. வான்ஸ்காவும் திரும்பி வந்தார். பூட்டு போட்டால் ஊருக்குத் தெரிகிறது என்பதே பெரிய விஷயம். எங்கள் மேளக்காரர்கள் ஒவ்வோர் ஆடியிலும் பூட்டப்படுகிறார்கள். அதற்குப் பெயர்கூட இல்லை.

லண்டன் கச்சேரி நடந்து நாலாவது நாள் மாசி மகம். திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வந்தார். பட்டினச்சேரி மீனவர்களுக்கு அவர் மாப்பிள்ளைசாமி. அந்தக் கூட்டத்தில் நாயனமும் தவிலும் வெயிலில் நடந்தபடியே வாசிப்பதை எத்தனை பேர் வேலை என்று பார்க்கிறோம்?

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் தவில் வாசிக்கிறார். வருமானம் எவ்வளவு என்று ஒருமுறை கேட்டேன். "காலண்டர்ல முகூர்த்த நாளை எண்ணிக்கடா தம்பி. அதுல ஆடியக் கழி, மார்கழியக் கழி. மிச்சம் இருக்கறதுதான் நான்" என்றார். சம்பளத்தைக் கேட்டால் தன்னையே கழித்துக் காட்டுகிறார்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஆர்கெஸ்ட்ரா என்றால் மெல்லிசைக் கச்சேரி. உண்மையான ஆர்கெஸ்ட்ரா மேளம் செட்டுதான்: இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி. அளவு சின்னது; தலைமை ஒற்றை ஆள். நாயனக்காரர் பெயரில்தான் செட்டு. அவர் அட்வான்ஸ் வாங்கி, அவர் பிரித்துக் கொடுப்பார். நல்லவராக அமைந்தால் நல்லது. அமையாவிட்டால் கேட்க நாதியில்லை. என் உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் எல்இடி திரைக்குக் கேட்ட பணத்தை மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். மேளத்துக்கு மட்டும் ஒரு மணிநேரம் பேரம். சாப்பாட்டுப் பந்தியிலும் மேளக்காரர்கள் கடைசி. அதில் சாதி இல்லை என்று யாராவது சொன்னால், ஒருநாள் எங்கள் ஊர்ப் பந்திக்கு வாருங்கள்.

"ராஜரத்தினம் பிள்ளை கோட்டு போட்டு ராஜா மாதிரி வாழலையா?" என்பார்கள். வாழ்ந்தார். அது ஒரு மேதை தன் ஒருவருக்காகப் பிடுங்கிய மரியாதை. பக்கத்தில் தவில் வாசிப்பவருக்கு அதிலிருந்து ஒரு நாள் கூலிகூட உறுதியாகாது. நம்மிடம் மேதைக்குப் பஞ்சமில்லை, ஒப்பந்தத்துக்குத்தான் பஞ்சம். இதைப் புரிந்துகொண்ட இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார். தமிழ்நாட்டில் வயலின் வாசித்துக் குடும்பம் நடத்த முடிந்தது என்றால் அதில் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சிந்தசைசர் வந்து வயலின் வரிசைகள் காலியானபோது அதற்காக எத்தனை ரசிகர்கள் அழுதோம்? பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது, போதும் என்று இருந்துவிட்டோம்.

இப்போது, 'தமிழ்நாட்டுக்கென்று ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வேண்டும்' என்ற குரல் கேட்கிறது. வரட்டும். மும்பையில் 2006-லிருந்து 'சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா' இருக்கிறது. நாட்டின் ஒரே முழுநேரத் தொழில்முறை ஆர்கெஸ்ட்ரா என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. இருந்தும் அதில் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள். சம்பளம் இல்லாத தொழிலுக்குப் பெற்றோர் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். பிள்ளை வராத தொழிலுக்கு ஆள் இறக்குமதிதான்.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. எங்கள் ஊர் புதுச்சேரியில், சுற்றிலும் தமிழ்நாடு. இரண்டு பக்கமும் கோயில்களைப் பார்த்துக்கொள்ள அரசுத் துறை இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவை அங்கிருந்து தொடங்குங்கள். வருமானமுள்ள ஒவ்வொரு கோயிலிலும் ஒரு முழு செட்டுக்கு மாதச் சம்பளம், ஓய்வூதியம், எழுத்தில் ஒப்பந்தம். ஆளெடுப்பு அமெரிக்காவில் செய்வதுபோலத் திரைக்குப் பின்னால்: வாசிப்பவர் ஆணா பெண்ணா, எந்தச் சாதி என்று தெரியாமல் வாசிப்பை மட்டும் கேட்டு. தலைவரைச் செட்டே தேர்ந்தெடுக்கட்டும். பட்டியலைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். கல்லில் வெட்ட வேண்டாம், பேப்பர் போதும்.

எங்கள் ஊர் இதில் முன் அனுபவம் உள்ள ஊர். திருமலைராயன் சபையில் அதிமதுரகவி தலைமையில் 64 தண்டிகைப் புலவர்கள். பல்லக்கு, படி எல்லாம் அரண்மனைச் செலவு. அங்கே வந்த காளமேகத்துக்கு உட்கார ஓர் இருக்கை தரவில்லை. எமகண்டம் பாடி ஜெயித்த பிறகும் உரிய மரியாதை இல்லை. மண்மாரி பெய்து ஊரே அழியட்டும் என்று அவர் அறம் பாடிவிட்டுப் போனதாகக் கதை. நாம் அதைப் புலவர் கோபம் என்று சொல்லிச் சிரிக்கிறோம். எனக்கு அது நாலாம் வகுப்பு ரயில் பெட்டி மாதிரியே தெரிகிறது. ஒரே வித்தியாசம், பெர்லின்காரர்கள் ஐம்பது பேராக வெளியே வந்தார்கள். காளமேகம் தனியாக வந்தார். அந்த 64 பேரும் பல்லக்கிலிருந்து இறங்கவே இல்லை.