42 மில்லிமீட்டர்ல என்ன ஆம்பளை, என்ன பொம்பளை?

டிவி சீரியல்ல ஒரு எலும்பைக் கையில எடுத்த உடனே "பெண், வயசு முப்பது"ன்னு சொல்லிடறாங்க. வடக்கே ஒரு மருத்துவக் கல்லூரியில குப்பை கொட்டுற எனக்கு அதைப் பார்த்தா சிரிப்பு வரலை, பயமா இருக்கு. நான் பார்த்த நிஜ ரிப்போர்ட்டுகள்லயும் அதே தொனிதான். "ஆண்." முற்றுப்புள்ளி. அவ்வளவுதான்.

மக்களே, விஷயம் இதுதான். முழு இடுப்பெலும்பு கிடைச்சா தைரியமா சொல்லலாம். ஆனா நாய் இழுத்தது, வெள்ளத்துல அடிச்சது போக, சில நேரம் மிஞ்சறது ஒரு தொடை எலும்புதான். அதோட உருண்டைத் தலையை காலிப்பர் வச்சு அளப்பாங்க. அமெரிக்க எலும்புகளை வச்சு ஸ்டூவர்ட் 1979ல கொடுத்த கணக்கு: 42.5 மி.மீ.க்குக் கீழே பெண், 47.5க்கு மேலே ஆண். லண்டன்ல கிடைச்ச 17ஆம் நூற்றாண்டு எலும்புகளை வச்சு கார்ல் பியர்சன் போட்ட கோடு 41.5, 45.5. வெள்ளைக்காரங்களுக்குள்ளயே கோடு நகருது. அப்போ நமக்கு?

நம்ம பக்கத்துலேர்ந்து கட்டட வேலைக்கு வந்த, குள்ளமான, ஒல்லியான ஒருத்தர். அளந்தா 42 மி.மீ. ஸ்டூவர்ட் கோட்டுப்படி அவர் பெண்! போலீஸ் காணாமப் போன பெண்கள் ஃபைலைப் புரட்டும். ஆண்கள் ஃபைல்ல இருக்கற அவர் போட்டோவை யாரும் பார்க்கப் போறதில்லை. ஊர்ல அவர் பையன் திதி கொடுக்கறதா, காத்திருக்கறதான்னு தெரியாம நிப்பான்.

"அதான் டிஎன்ஏ இருக்கே"ம்பீங்க. இருக்கு. ஆனா ஒப்பிட்டுப் பார்க்க எந்தக் குடும்பத்தைக் கூப்பிடறதுன்னு முடிவு பண்றதுல இந்த ஒரு வரிக்குப் பெரிய பங்கு உண்டு.

"இந்திய அளவுகள் வந்தாச்சே"ம்பாங்க. மறுக்கலை. ரூமா புர்கைட், சந்திரா 2004லயே இந்தியத் தொடை எலும்புகளை ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. ஆனா பஞ்சாப்காரர் எலும்பும் ராமநாதபுரத்துக்காரர் எலும்பும் ஒரே அளவா? "இந்தியன்"னு ஒரே கோடு போடறதும் அதே தப்புதான்.

வயித்தெரிச்சல் என்னன்னா, 1985ல ஏற்றுமதிக்குத் தடை போடற வரைக்கும் கல்கத்தாவுலேர்ந்து எலும்புக்கூடுகள் கப்பல் ஏறிச்சு. வெளிநாட்டு மாணவங்க நம்ம எலும்புல படிச்சாங்க. பேரு, ஊரு குறிக்காம போன எலும்பை வச்சு எந்த அளவுகோலும் போட முடியாது. கிளீவ்லாந்துல ஹாமன்-டாட் தொகுப்புல மட்டும் மூவாயிரத்துக்கும் மேல எலும்புக்கூடுகள், ஆணா பெண்ணா, என்ன வயசுங்கற குறிப்போட. நமக்கு மாநிலத்துக்கு ஒண்ணு வேண்டாமா? உடல் தானமா வர்ற எலும்புகளை, குடும்பத்தோட சம்மதம் வாங்கிக் குறிப்போட சேர்த்து வைக்கறது அப்படி ஒண்ணும் ராக்கெட் விடற வேலை இல்லை.

அது வர்ற வரைக்கும் மூணே மூணு விஷயம் செய்யட்டும். எந்த ஊர் அளவுகோல்னு ரிப்போர்ட்ல எழுதணும். எத்தனை சதவீதம் நிச்சயம்னு எழுதணும். சொல்ல முடியலைன்னா "சொல்ல முடியலை"ன்னு எழுதணும். ஸ்டூவர்ட்டே 43.5லேர்ந்து 46.5 வரைக்கும் "தெரியாது"ன்னுதான் விட்டு வச்சார். அவருக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் நமக்கு எதுக்கு?

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவங்க நாம. நம்மள்ல ஒருத்தர் அநாதைப் பிணமா கிடந்தாலும், சரியான பேரோட வீடு போய்ச் சேரணும்.