கமாவுக்கு ஒரு வக்காலத்து

நம் உயர்நிலைப் பள்ளிகளில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் உபாத்தியாயர்களில் பலர் கமாவுக்கு இரண்டே இரண்டு சட்டங்களை வைத்திருக்கிறார்கள். மூச்சு விடுகிற இடத்தில் கமா போடு. ‘அண்ட்’ என்ற சொல்லுக்கு முன்னால் போடாதே. முதல் சட்டப்படி பார்த்தால் ஆஸ்துமாக்காரப் பையனின் கட்டுரையில் மற்றவர்களைப்போல் நாலு பங்கு கமா இருந்தாக வேண்டும். இரண்டாவதை மீறினால் சிவப்பு மை. அரை மார்க்குப் போச்சு. ஏன் என்று கேட்கிற பையன் அதிகப்பிரசங்கி.

கமா பொருளைச் சேர்ந்தது, ஐயா, மூச்சைச் சேர்ந்ததல்ல! ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் எ டாக்டர்’ என்று ஒரு பெண் எழுதுகிறாள். கமாவே இல்லாவிட்டால் அவளுக்குச் சகோதரர்கள் பலர். அவர்களில் மதுரைக்காரர் டாக்டர் என்று அர்த்தம். ‘பிரதர்’ என்பதற்குப் பின்னும் ‘மதுரை’ என்பதற்குப் பின்னும் கமா போட்டுவிட்டால் அவளுக்கு ஒரே சகோதரர்தான். மதுரையில் இருப்பது உபரிச் செய்தி. இரண்டு சின்னக் கீறல்கள் ஒரு குடும்பத்தின் ஜனத்தொகையையே தீர்மானித்து விடுகின்றன! இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறப்பார்களா?

‘அண்ட்’டுக்கு முன் வரும் கமா விஷயத்தில் இங்கிலீஷ்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. ஆக்ஸ்போர்டு அச்சகம் போடு என்கிறது. லண்டன் பத்திரிகைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அமெரிக்காவில் மேய்ன் என்றொரு மாநிலம். எந்தெந்த வேலைகளுக்கு ஓவர்டைம் கூலி கிடையாது என்று அங்கே ஒரு சட்டம் வரிசையாக அடுக்கியிருந்தது. வரிசையின் கடைசியில், ‘ஆர்’ என்ற சொல்லுக்கு முன் கமா இல்லை. அதனால் ‘அனுப்பவோ விநியோகிக்கவோ பொட்டலம் கட்டுதல்’ என்று ஒரே வேலையாகவும் படிக்கலாம். பொட்டலம் கட்டுதல் ஒன்று, விநியோகித்தல் ஒன்று என இரண்டாகவும் படிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கமாவைப் போடாதே என்று சொன்னதே மாநிலத்தின் சட்டம் எழுதும் கையேடுதான்! ஒரு பால் கம்பெனியின் லாரி ஓட்டுநர்கள், ‘நாங்கள் விநியோகிக்கிறோம், பொட்டலம் கட்டவில்லை, ஆகவே கூலியைக் கொடு’ என்று வழக்காடினார்கள். வாசகம் தெளிவாயில்லை என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2018-ல் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுத்து ராஜியாயிற்று. அரை மார்க்கு விஷயமா இது?

இன்னொரு கொடுமை பகட்டுச் சொல். ‘யூஸ்’ என்று எழுதாதே, ‘யூட்டிலைஸ்’ என்று எழுது. ‘பிகின்’ வேண்டாம், ‘கமென்ஸ்’ போடு என்று நோட்ஸ் புத்தகங்கள் உபதேசிக்கின்றன. ‘ஸ்லிம்’, ‘ஸ்கின்னி’ இரண்டும் ஒல்லியைத்தான் குறிக்கின்றன. ஆனால் ஒன்று புகழ்ச்சி, மற்றது ஏளனம். கொடியிடையாள் என்று நான் வர்ணித்த கதாநாயகியை அச்சுக் கோப்பவர் ஒட்டடைக்குச்சி என்று மாற்றிவிட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படித்த பிள்ளை, ஒருநாள் லீவு கேட்டுச் சொந்தமாக நாலு வரி எழுத நடுங்குவதற்கு இந்த உபதேசமும் அந்தச் சிவப்பு மையுந்தான் காரணம்.

“ஐம்பது நோட்டுத் திருத்துகிறவனுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று உபாத்தியாயர் கேட்பார். வாஸ்தவந்தான். ஆனால் ஒரே கமாவை ஐம்பது நோட்டிலும் சுழிக்கிற நேரத்தில், மதுரை டாக்டரைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, “இவளுக்குச் சகோதரர்கள் எத்தனை பேர்?” என்று வகுப்பைக் கேட்டுவிடலாம். பத்து நிமிஷங்கூட ஆகாது.