எனக்கு வந்தது படர்தாமரைதான்

எனக்கு வந்தது படர்தாமரைதான். இதை இன்னும் எத்தனை பேரிடம் நான் சொல்லித் தீர்க்க வேண்டும்?

பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் எனக்குக் கூலி வேலை. வெயில் காலத்தில் பாவாடை நாடா வேர்வையிலேயே ஊறிக் கிடக்கும். இடுப்பில் எட்டணா அளவு ஒரு வட்டம் வந்தது. தாங்க முடியாத அரிப்பு. மருந்துக்கடையில் சொன்னேன், டாக்டர் சீட்டு கேட்காமல் ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே அரிப்பு அடங்கியது. ட்யூப் தீர்ந்ததும் முன்னைவிட மூர்க்கமாகக் கிளம்பியது. மறுபடி அதே ட்யூப். இப்படியே எட்டு மாதம். தொடைக்கு இறங்கியது, மார்புக்கடியில் ஏறியது, பிள்ளைகளுக்கும் ஒட்டியது.

அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்ததாம். அது அரிப்பை அமுக்கும், படர்தாமரைப் பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் பூஞ்சை இன்னும் செழிக்கும். என் தொடை மடிப்பில் தோல் காகிதமாக மெலிந்து, பிரசவக் கோடு போல வரிவரியாக விழுந்துவிட்டது. அந்தக் கோடுகள் இனி மறையாது. இத்தகைய களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. நான் வாங்கியது அதற்குப் பிறகு. அந்த விதி எங்கள் ஊர்க் கடைப் படி ஏறவே இல்லையா?

முதலிலேயே டாக்டரிடம் போயிருக்கலாமே என்பீர்கள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தோலுக்கென்று ஒரு டாக்டரை நான் கண்டதில்லை. வெளியூர் போனால் பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போகும். அதையும் பொறுத்துக்கொண்டு போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். கதவுக்கு மேலே 'தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு' என்று பலகை, அதன் கீழே நீள வரிசை. ஓ.பி. சீட்டு எழுதியவர் எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டார்: "எந்த இடத்துலம்மா? வீட்டுக்காரர் வெளியூர்லயா?"

என் வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். ஆமாம் என்றேன். வரிசையில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தியும் நின்றிருந்தாள். நான் பஸ் இறங்குமுன் ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது. அன்று ராத்திரியே மாமியார் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் சில மாதத்தில் படர்தாமரை போய்விட்டது. தட்டு இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.

பால்வினை நோயே வந்திருந்தாலும்தான் என்ன? அதற்காக ஒருத்தியை நாலு பேர் முன்னால் நிறுத்தி வைத்துக் கேட்பதா? சிஃபிலிஸ் ஆரம்பத்திலேயே தெரிந்தால் ஒரு பென்சிலின் ஊசியில் குணமாகும். விட்டுவிட்டால் வயிற்றுப் பிள்ளையையும் கொல்லக்கூடும். எச்.ஐ.வி.யையே பாருங்கள்: 1986-ல் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் அதை இந்த நாட்டில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். அந்தப் பரிசோதனைக்கு வருகிற இடத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர் வைத்து, ஆலோசகரையும் போட்டார்கள். ரகசியம் காக்க 2017-ல் சட்டமே வந்தது. வெள்ளைப்படுதலுக்கும் புண்ணுக்கும் வருகிறவளிடம் மட்டும் ஏன் அந்த இரக்கம் இல்லை?

பக்கத்துத் தெருவில் ஒருத்திக்கு மூன்று மாதமாக மறைவிடத்தில் புண். என்னிடம் மட்டும் சொன்னாள். கூட வருகிறேன், வா என்றேன். "உனக்கு நடந்ததப் பாத்த பொறகுமாக்கா?" என்றாள். பச்சிலை அரைத்துத் தடவிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை வந்து போகிறார். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நோயாக இருந்தால்? நினைத்தாலே என் வயிறு எரிகிறது.

2008-ல் தருமபுரிக்கு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கிருந்து தோல் டாக்டர் ஒருவரை வாரம் ஒரு நாள் எங்கள் பக்கமும், சித்தேரி, வத்தல்மலை அடிவாரத்துக்கும் அனுப்புங்கள், ஐயா. கடைக்காரர்களைச் சீட்டு கேட்கச் சொல்லுங்கள். ஓ.பி. சீட்டு எழுதும் மேசைக்கு முன்னால் ஒரு திரை கட்டி, மெதுவாகக் கேளுங்கள். அவளை நானே கூட்டி வருகிறேன்.